நிறுத்தி நிறுத்தி ஓட்டிய சாலை

நியூசிலாந்தின் மேற்குக் கரைக்குப் போய்வந்தேன் என்று சொன்னால், 'பனியாறு பார்த்தீங்களா?' என்பதுதான் முதல் கேள்வி. ஃப்ரான்ஸ் ஜோசஃப், ஃபாக்ஸ் என்று இரண்டு பனியாறுகள் அங்கே இருக்கின்றன, சுற்றுலாப் பேருந்துகள் அவற்றுக்காகத்தான் போகின்றன. என்னைக் கேட்டால், அந்தக் கரைக்குப் போக இன்றைக்கு இருப்பதிலேயே சுமாரான காரணம் அதுதான். போவதென்றால் கடலுக்காகப் போக வேண்டும். தென் தீவின் ஆறாம் எண் நெடுஞ்சாலையில், வெஸ்ட்போர்ட்டிலிருந்து ஹாஸ்ட் வரைக்கும், ஒரு சின்ன கேம்பர்வேனில், முடிந்தால் தனியாக.

தனியாக என்று சொல்வதில் வீரம் எதுவும் இல்லை. அந்தச் சாலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வண்டியை ஓரங்கட்டத் தோன்றும். கூட நாலு பேர் இருந்தால் ஒவ்வொரு தடவையும் பஞ்சாயத்து. ஒருவருக்குப் பசி, ஒருவருக்குக் குளிர், இன்னொருவர் 'இப்பத்தானே நிறுத்தினோம்' என்பார். ஆள் இல்லாவிட்டால் இண்டிகேட்டரைப் போட்டோமா, நிறுத்தினோமா, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் நின்றோம் என்று யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு இந்த வாதமெல்லாம் எடுபடவில்லை. 

"ராத்திரி எங்க படுப்ப?"

"வண்டிக்குள்ளதாம்மா. கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கு."

"கதவு உள்பக்கம் பூட்டுமா?"

பூட்டும் என்றேன். அப்புறம் அரிசி எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வெலிங்டனிலிருந்து கப்பலில் குக் நீரிணையைத் தாண்டினால் மூன்றரை மணி நேரத்தில் பிக்டன். வண்டியை அங்கே எடுத்தேன். மலையைக் கடந்து புல்லர் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வெஸ்ட்போர்ட்டில் இறங்கும்போதே காற்றின் ஈரம் மாறிவிடும். ஒரு பக்கம் டாஸ்மன் கடல், மறுபக்கம் தெற்கு ஆல்ப்ஸ் மலை, நடுவில் அறுநூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கீற்று நிலம். அங்கே வாழ்பவர்கள் மொத்தமே 33,000 பேர் சொச்சம். கடலிலிருந்து வரும் மேகம் மலையில் முட்டி அங்கேயே கொட்டிவிடுகிறது. ஹோக்கிட்டிக்காவில் வருடத்துக்கு 2,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையைப் போல இரண்டு மடங்கு. மலைமேல் இதைவிடப் பல மடங்கு. ஆகவே இங்கே வருபவர்கள் வெயிலை எதிர்பார்த்து வரக்கூடாது. மழைக்கு நடுவில் வெயில் வந்தால் அதை லாபக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேம்பர்வேன் என்றால் சுதந்திரம் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். ஏறி உட்கார்ந்த மறுநாளே தெரிந்துவிடும், அது குடித்தனம். குடிதண்ணீர்த் தொட்டி எவ்வளவு இருக்கிறது, பாத்திரம் கழுவிய அழுக்குத் தண்ணீர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கேஸ் இருக்கிறதா, ஃப்ரிட்ஜ் பேட்டரியை எவ்வளவு தின்றிருக்கிறது என்று நாள் முழுவதும் மனதில் ஒரு கணக்கு ஓடும். கழிவறைக்கு அடியில் சூட்கேஸ் அளவில் ஒரு தொட்டி. நிரம்பியதும் அதை இழுத்து எடுத்து, ஊருக்குள் இருக்கும் டம்ப் ஸ்டேஷனில் கொட்டி, கழுவி, நீல மருந்து ஊற்றித் திரும்ப மாட்ட வேண்டும். அந்த வேலைக்கு வரிசையில் நிற்கும்போது எல்லா நாட்டுக்காரர்களும் எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்க்காமல் வானிலை பற்றிப் பேசுவார்கள்.

நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கிவிடலாம் என்பதும் பாதி பொய். 2023-இல் வந்த சட்டத்தின்படி, கழிவறை வண்டியோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அதைச் சோதித்துப் பச்சை நிற அட்டை தருவார்கள். அது இல்லாமல், அனுமதி இல்லாத இடத்தில் ராத்தங்கினால் 400 டாலரிலிருந்து அபராதம் ஆரம்பம். கடற்கரையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், தூங்குவதற்கு மட்டும் இடம் பார்த்துப் போக வேண்டும். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்கள் இதற்கு நல்லவை. குழாய், கழிவறை, புல்தரை, அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஒன்றும் தேவையும் இல்லை.

வெஸ்ட்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு முனை. 1770-இல் கேப்டன் குக் கப்பலில் வந்தபோது எதிர்க்காற்று அவரை அங்கிருந்து கடலுக்குத் தள்ளிவிட்டது. கடுப்பில் 'கேப் ஃபவுல்விண்ட்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அங்கே காற்று பெயரைக் காப்பாற்றுகிறது. உயரமான வண்டி என்பதால் நிறுத்தி வைத்திருந்தபோதே ஆடியது. கீழே டௌரங்கா விரிகுடாவின் பாறைகளில் சீல்கள் படுத்துக் கிடந்தன. முதலில் பாறை என்றே நினைப்போம். அப்புறம் ஒரு பாறை சொறிந்துகொள்ளும்.

அங்கிருந்து கிரேமவுத் வரைக்கும் சுமார் நூறு கிலோமீட்டர். அவசரமாக ஓட்டினால் ஒன்றரை மணி நேரம், நான் ஒரு முழுப் பகலைச் செலவழித்தேன். சாலை ஒரு குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும், வளைவு திரும்பியதும் கீழே கடல் முழுக்க வெள்ளை. ஓரத்தில் நிக்காவ் என்ற பனை இனம் கூட்டமாக நிற்கும். தண்டில் வளையங்களும், உச்சியில் பச்சை வீக்கமும், மேலே தூக்கிய மட்டைகளுமாகப் பார்த்தவுடன் கமுகு நினைவுக்கு வந்தது. உலகத்தில் தானாக வளரும் பனை இனங்களில் இவ்வளவு தெற்கே வருவது இது ஒன்றுதான். குளிர்க்காற்றும் கமுகுத்தோப்பும் ஒரே படத்தில் இருப்பதை மூளை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகிறது.

வழியில் வரும் புனக்காய்க்கி என்ற ஊரின் பான்கேக் பாறைகளைப் பற்றி எழுதாதவர் இல்லை. சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு. கெட்டியான அடுக்குகளுக்கு நடுவில் மெல்லிய களிமண் அடுக்குகள், மென்மையானதை மழையும் அலையும் முதலில் அரித்துவிட, வரிவரியாக நிற்கிறது. இதைப் பார்க்கப் போகிறவர்கள் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். இறக்கத்தில் போனால் வெறும் பாறை. ஏற்றம் உச்சத்தில் இருந்து தென்மேற்கிலிருந்து அலையும் அடித்தால், பாறைக்கு அடியில் இருக்கும் குகைகளுக்குள் தண்ணீர் புகுந்து, துளைகள் வழியாகப் பீறிட்டு மேலே வரும். பீறிடுவதற்கு முன் ஒரு முழக்கம் காலுக்கடியில் கேட்கும். கம்பியைப் பிடித்திருந்த கைக்கும் அது வந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது சாயங்காலம். வெஸ்ட்லாந்து பெட்ரல் என்ற கறுப்புக் கடற்பறவை உலகத்திலேயே இந்த ஊரை ஒட்டிய குன்றுகளில் மட்டும்தான் கூடு வைக்கிறது. பகல் முழுவதும் கடலில் இருந்துவிட்டு இருட்டும் நேரத்தில் தலைக்கு மேலே திரும்பிவரும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை குஞ்சுகள் முதல்முறையாகக் கடலுக்குக் கிளம்பும்போது தெருவிளக்கு வெளிச்சத்தில் குழம்பிச் சாலையில் விழுந்துவிடுகின்றன. அதற்காக இங்கே தெருவிளக்குகளையே அணைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பறவைக்காக நெடுஞ்சாலை விளக்கை அணைக்கும் ஊர் எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

இனி சாண்ட்ஃப்ளை. மேற்குக் கரை பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால் அது பச்சைத் துரோகம். எள்ளளவு கறுப்பு ஈ, கடித்த இடத்தில் ஒரு வாரம் அரிப்பு. 1773-இல் இன்னும் தெற்கே டஸ்கி சவுண்ட் என்ற விரிகுடாவில் தங்கிய குக் இதைத் திட்டிக் குறிப்பு எழுதியிருக்கிறார். பெண் ஈ மட்டும்தான் கடிக்கும், ஓடும் தண்ணீரில் முட்டையிடும். மேற்குக் கரையில் ஓடும் தண்ணீருக்கா பஞ்சம்.

தமிழ்ச் சமையலுக்கும் இதற்கும் ஜென்மப் பகை. வேனுக்குள் கடுகு தாளித்தால் ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மிளகாய் நெடி தலையணைக்குள் போய் உட்கார்ந்துவிடும், இரவெல்லாம் இருமல். ஜன்னலைத் திறந்தாலோ ஈ. வலை போட்ட ஜன்னலும் இருந்தது, அதைக் கழற்றி மாட்டும் இரண்டு விநாடி போதும் அவற்றுக்கு. மஹினாபுவா ஏரிக்கரையில் ரசம் வைத்தபோது பக்கத்து வண்டியிலிருந்த ஜெர்மானியப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, என்ன எரிகிறது என்று அக்கறையாக விசாரித்தார். ஒரு டம்ளர் ரசம் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அவர்தான் வழி சொன்னவர்: இருட்டிவிட்டால் இந்த ஈ கடிக்காது, காற்றடித்தால் கிட்டேயே வராது. அதற்குப் பிறகு தாளிப்பெல்லாம் இருட்டிய பிறகு, அல்லது காற்று அடிக்கும் கடற்கரையில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. கடலைப் பார்த்தபடி வெங்காயம் நறுக்குவது வசதியாகத்தான் இருக்கிறது. கண்ணீர் எதனால் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஹோக்கிட்டிக்காவில் ஜேட் எனப்படும் பச்சைக்கல் விற்கும் கடைகள், பழைய மணிக்கூண்டு, மிதந்துவந்த மரக்கட்டைகள் குவிந்த கடற்கரை. அரை நாள் போதும். ஆனால் நான் போனது செப்டம்பர், வைட்பெய்ட் காலம். முன்பெல்லாம் நவம்பர் வரைக்கும் பிடிப்பார்களாம், இப்போது செப்டம்பர், அக்டோபரோடு முடித்துக்கொள்ள வேண்டும். ஆற்று முகத்தில் பெரிய வட்ட வலையோடு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் பிடிப்பது நெத்திலியைவிடப் பொடியான, கண்ணாடி போன்ற மீன்குஞ்சு. ஆற்று மீன்களின் குஞ்சுகள் அவை. பிறந்ததும் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, வசந்தத்தில் ஆற்றுக்குத் திரும்பி ஏறும்போது பிடிக்கிறார்கள். தொப்பி போட்ட ஒரு தாத்தாவிடம் எவ்வளவு கிடைத்தது என்று கேட்டேன். "பூனைக்குப் போதும்" என்றார். வாளியைக் காலால் மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். கடையில் முட்டையில் போட்டு அடையாகச் சுட்டு, வெள்ளை ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கொடுக்கிறார்கள். விலை அதிகம், சுவை மென்மை. எனக்கு அதன்மேல் மிளகுத்தூள் வேண்டியிருந்தது.

தெற்கே ஹரி ஹரி என்று ஓர் ஊர். நம் காதுக்குப் பெயர் எப்படிக் கேட்டாலும் அது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் வைத்த பெயர்தான். 1931 ஜனவரி 7-ஆம் தேதி, கை மென்சீஸ் என்ற 21 வயது ஆஸ்திரேலியப் பையன் பெர்த்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சிட்னியில் விமானத்தைக் கிளப்பி, டாஸ்மன் கடலைத் தனி ஆளாகத் தாண்டி, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இந்த ஊர்ச் சதுப்பில் தலைகீழாக இறங்கினான். அந்தக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த முதல் ஆள் அவன்தான். பசும்புல் என்று நினைத்து இறங்கிய இடம் சதுப்பு. பெல்ட்டைக் கழற்றியதும் தலைகுப்புறச் சேற்றில் விழுந்தானே தவிர, காயம் ஒன்றும் இல்லை. எனக்கு இந்த ஆளை மிகவும் பிடித்துவிட்டது. அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

அதற்கு அப்பால் நெடுஞ்சாலையிலிருந்து விலகிப் போனால் ஒகாரிட்டோ. 1866 தங்க வேட்டைக் காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்த ஊர், இப்போது முப்பது நாற்பது பேர் இருந்தால் அதிகம். ஊர்க்காரர்களே நடத்தும் முகாமில் இடம் கிடைத்தது. ஒருநாள் தங்கத்தான் போனேன். தங்கியது அதைவிட அதிகம், காரணம் ஒரு கொக்கு.

மாவோரி மொழியில் அதற்குக் கோட்டுக்கூ என்று பெயர். இரண்டு டாலர் நாணயத்தின் பின்பக்கத்தில் இருப்பது அதுதான். நியூசிலாந்தில் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஒரே இடத்தில்: ஒகாரிட்டோவுக்கு வடக்கே வைட்டாங்கிரோட்டோ ஆற்றங்கரை மரங்களில், செப்டம்பரில் ஆரம்பித்துக் கோடை முடியும் வரை. நாடு முழுக்கச் சேர்த்தாலும் சில நூறு தேறாது. வாழ்நாளில் ஒருமுறை காணக் கிடைப்பது என்று, அபூர்வ விருந்தாளியை இந்தக் கொக்கோடு ஒப்பிடுவது மாவோரி வழக்கம். இவ்வளவு பீடிகையோடு காயல் ஓரத்தில் அதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மூர்ப் பெருங்கொக்கு. அதே இனம். மாட்டு முதுகில் உட்காரும் உண்ணிக்கொக்கைச் சொல்லவில்லை, குளத்தில் ஒற்றைக்காலில் நிற்குமே, அந்த நெட்டைக் கொக்கு. கூந்தன்குளத்துக்குப் போகிற வழியில் வயலுக்கு வயல் நிற்கும், பேருந்திலிருந்து யாரும் தலையைத் திருப்பிப் பார்க்க மாட்டோம்.

இங்கே அதைப் பார்க்க ஆட்கள் தொலைநோக்கியோடு படகில் போகிறார்கள். நான் கரையில் உட்கார்ந்துகொண்டேன். கடல் இறங்கியிருந்த நேரம், சேற்றில் முழங்கால் தண்ணீர். முட்டையிடும் பருவம் என்பதால் அலகு கறுத்திருந்தது, மற்ற நாளில் மஞ்சளாக இருக்கும். முதுகிலிருந்து நூல் நூலாகத் தோகை இறங்கி வாலைத் தாண்டித் தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் கால்விரல்களை மடக்கித் தூக்கி, தண்ணீருக்கு வெளியே கொஞ்சம் நிறுத்தி, சொட்டியபின் வைத்தது. கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்த்தது. தண்ணீரின் பளபளப்பைத் தவிர்க்கத்தான் இந்தச் சாய்ப்பு என்று நினைக்கிறேன். குத்தியது தெரியவில்லை. அலகில் ஒரு சின்ன மீன் இருந்தது, அப்புறம் தொண்டைக்குள் ஒரு புடைப்பு இறங்கியது. இதே காட்சி திருநெல்வேலியில் என் சிறுவயது முழுக்க, பள்ளிக்கூடம் போகும் வழியில், இலவசமாக நடந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க எனக்கு ஒகாரிட்டோ தேவைப்பட்டது. கூட யாராவது வந்திருந்தால் 'கொக்குதானே, கிளம்பலாம்' என்று கட்டாயம் சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன்.

பனியாறுகளுக்கு ஒரு பத்தி போதும். முன்பு ஃப்ரான்ஸ் ஜோசஃப் பனியின் மேல் நடந்தே ஏறலாம். 2012-இலிருந்து முகப்பு உடைந்து பின்வாங்கிவிட்டது, இப்போது பனியைத் தொட ஹெலிகாப்டர்தான் வழி. ஃபாக்ஸ் பனியாற்றுக்குப் போகும் சாலையை 2019 நிலச்சரிவு எடுத்துக்கொண்டுவிட்டது. அதே ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி ஃப்ரான்ஸ் ஜோசஃப் ஊரை ஒட்டிய வைஹோ ஆற்றுப் பாலமே போனது. மலையில் இரண்டு நாளில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. இரும்புப் பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆற்றோடு போகும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ராணுவமும் சேர்ந்து மூன்று வாரத்துக்குள் புதிதாகக் கட்டினார்கள். அந்த ஆறு மலையிலிருந்து கல்லைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பதால் படுகை வருடா வருடம் உயர்கிறது, கரையையும் உயர்த்துகிறார்கள். ஹெலிகாப்டர்க் கட்டணத்தைப் பார்த்துவிட்டு நான் டீசல் மட்டும் நிரப்பினேன்.

டீசல் நிரப்புவது முக்கியம். ஃபாக்ஸிலிருந்து ஹாஸ்ட் வரைக்கும் 120 கிலோமீட்டர், நடுவில் பம்பை நம்பிப் போகக்கூடாது, பல இடங்களில் செல்போன் சிக்னலும் இல்லை. ஒருவழிப் பாலங்கள் நிறைய. பலகையில் இரண்டு அம்புகள் இருக்கும், நம் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நாம் நின்று வழிவிட வேண்டும். எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்குவார். நாமும் தூக்க வேண்டும். பல நாள் அன்றைய பேச்சுவார்த்தை அது மட்டும்தான்.

புரூஸ் பே என்ற இடத்தில் சாலை கடலுக்குப் பக்கத்திலேயே ஓடும். அங்கே வெள்ளைக் கற்களில் பேரும் தேதியும் எழுதி அடுக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள். நம் கோட்டைச் சுவர்களில் இதயம் வரைகிறவர்களை மட்டும் ஏன் திட்டுகிறோம் என்று தெரியவில்லை.

நைட்ஸ் பாயிண்ட்டில் மேலே நின்று பார்த்தால் கீழே காடு நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. வடக்கிலிருந்து வந்த சாலையும் தெற்கிலிருந்து வந்த சாலையும் 1965-இல் இந்தப் பக்கத்தில்தான் சேர்ந்தன. பெயர் யாரோ பிரபுவுடையது என்று நினைக்கத் தோன்றும், நில அளவைக்காரர் ஒருவரின் நாய்க்குத்தான் அந்தக் கௌரவம்.

அடுத்து ஷிப் க்ரீக். 1855-இல் ஷோம்பெர்க் என்ற கப்பல் தன் முதல் பயணத்திலேயே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கரையில் தரைதட்டி உடைந்தது. அதன் ஒரு பாகம் டாஸ்மன் கடலைத் தாண்டி இந்த ஓடை முகத்தில் ஒதுங்கியது. மழைக்கோட்டோடு அங்கே நின்றபோது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கும் வெண்கல மணி ஞாபகம் வந்தது. 1830-களில் வில்லியம் கோலென்சோ என்ற மிஷனரி வடக்குத் தீவில் ஃபங்காரேக்குப் பக்கத்தில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக அதைப் பார்த்தார். விளிம்பு உடைந்த மணி. அதில் பழைய தமிழ் எழுத்து, முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று. எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஊகங்கள் ஏராளம், நம்மவர்கள் இதைவைத்து சோழர் காலம் வரைக்கும் போய்விடுவார்கள். ஒரு கப்பல் துண்டு இவ்வளவு தூரம் தானாக மிதந்துவந்த கரையில் நின்று பார்த்தால், ஆளில்லாத கப்பல் ஒன்று காற்றோடு வந்து ஒதுங்கியிருக்கலாம் என்பதே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

ஹாஸ்ட்டில் நெடுஞ்சாலை மலைக்குத் திரும்பிவிடும். திரும்பாமல் கடலோரமாகவே ஐம்பது கிலோமீட்டர் போனால் ஜாக்சன் பே, அதற்குமேல் சாலை இல்லை. 1875-இல் அரசாங்கம் ஐரோப்பாவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தியது. மழை, சேறு, விளையாத நிலம். கப்பல் அணைய ஒரு துறை கட்டித் தாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்கள், சில வருடங்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். துறை வந்தது 1938-இல். இப்போது அதில் மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. சாப்பிட்ட வறுத்த மீன் பயணத்திலேயே சிறந்தது, ரொட்டிக்குள் ஒளித்து வைக்காமல் கொடுத்தார்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் போவதில் உண்மையான கஷ்டம் தனிமையில் இல்லை, செலவில் இருக்கிறது. வாடகை, காப்பீடு, முகாம் கட்டணம் எதையும் பங்குபோட ஆள் இல்லை. டீசல் வண்டிக்கு பம்பில் விலை குறைவு என்று மகிழ்ந்துவிடக்கூடாது. ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாகச் சாலை வரி உண்டு, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மீட்டரைப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். நான் வண்டியைத் திருப்பிக் கொடுத்த குவீன்ஸ்டவுனில் மீட்டரைப் பார்த்த பையன், இத்தனை நாளுக்கு இது ரொம்பக் குறைவாக இருக்கிறதே, வண்டியில் ஏதும் கோளாறா என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு, ரசப்பொடி வாசனைக்குத் தனியாகக் கட்டணம் உண்டா என்று நான் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னல்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டான்.